என் மனைவி ராஜாவாக நின்ற இரண்டு மாலைகள்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. இன்றைக்குப் பினாங்குத் தீவிலும் சரி, அக்கரையிலும் சரி, கல்யாணமோ கருமாதியோ கோயில் திருவிழாவோ, ஆயிரம் பேர் வெயில் படாமல் உட்கார வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். கனோப்பிப் பந்தல், மேடை, நாற்காலி, மேசை எல்லாம் என்னுடையவை. பதினான்கு வயதில் சுங்கை பினாங்கில் இன்னொருவருடைய நாற்காலிகளைத் தலையில் சுமந்தவனிடம் இன்று நான்கு லோரிகள் இருக்கின்றன. படித்தவர்கள் எத்தனையோ பேர் என் நாற்காலியில் உட்கார்ந்துதான் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒரு மனிதன் எழுபத்தொரு வயதில் சேலை கட்டி, சவரி முடி வைத்து, தன் சொந்த மனைவியை மீசையோடு எதிரில் நிறுத்தி நாடகம் போட்டான். அது எப்படி நடந்தது என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

அந்த நாடகம் பழையது. எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'ராணி நாடகம்' என்றுதான் பேர். கோட்டையை எதிரி முற்றுகை போட்டிருக்கிறான். ராஜா போரில் அடிபட்டுக் கிடக்கிறார், ராணி சிம்மாசனத்தில் உட்கார்ந்து நாட்டை நடத்துகிறாள். கதவைத் திறப்பவனுக்கு மரணம் என்று சட்டம் போடுகிறாள். வெளியே பசியில் கதறும் குடிமக்களை உள்ளே விடுவதற்காக அவளுடைய ஒரே மகனே கதவைத் திறந்துவிடுகிறான். ராஜா அழுகிறார், கெஞ்சுகிறார். ராணி அசையவில்லை. மகன் சாகிறான். தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும்போது நேரம் கடந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் அதை எழுதிய ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பெண் செய்வதையெல்லாம் ஆணுக்குக் கொடுத்தார், ஆண் செய்வதையெல்லாம் பெண்ணுக்குக் கொடுத்தார். ராஜா மூக்கைச் சிந்திக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார். ராணி கண்ணைச் சிமிட்டாமல் தீர்ப்புச் சொல்கிறாள்.

என் இருபத்திரண்டாவது வயதில் அந்த ராணி நான்தான். அப்போதெல்லாம் எங்கள் மேடையில் பெண்கள் ஏறுவதில்லை. ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காமல் இருந்த எனக்குச் சேலையைக் கட்டிவிட்டார்கள். பெர்ரியில் ஏறிக் கடல் தாண்டிப் பாகான் டாலாம் வரைக்கும் போய் ஆடியிருக்கிறோம். என்னைப் போல ஒரு ராணி அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள். அதுவரைக்கும் முதலாளி எதிரில் நிமிர்ந்து பேசத் தெரியாத பையன் நான். கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருவேன். குரலை உயர்த்தாமலே ஒரு ஆளை நிறுத்துவது எப்படி, ஒரு வார்த்தையில் ஒரு காரியத்தை முடிப்பது எப்படி என்பதையெல்லாம் அந்த ராணிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். மறுவருடமே சொந்தமாக இருபது நாற்காலி வாங்கித் தொழில் தொடங்கினேன். ஆட்களை மேய்க்கும் மண்டோர்களை அதட்டியதும், சீன முதலாளிகளோடு பேரம் பேசியதும் அவள் குரலில்தான். எல்லாரும் என்னை நல்ல ஆம்பளை என்றார்கள். எங்கே கற்றேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் குரலை நான் வீட்டிலும் கழற்றி வைக்கவில்லை.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மூத்தவள் மகள். பத்தொன்பது வயதிலிருந்து என்னோடு ஸ்டோரில் நின்றவள். லோரி ஓட்டுவாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிக் கனோப்பியைத் திருப்பிப் போடச் சொல்வாள். எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது நான்கு மாதம் தொழிலை அவள்தான் ஓட்டினாள், ஒரு கல்யாணம்கூடத் தவறவில்லை. நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் செய்த முதல் வேலை, தொழிலைக் கோலாலம்பூரில் வங்கி வேலையில் இருந்த மகன் பெயருக்கு மாற்றியது. அவன் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. "ஏம்பா?" என்று மகள் கேட்டாள். "பொம்பளைக்கு எதுக்கு லோரி?" என்றேன். "அப்ப நான் இங்க எதுக்கு?" என்றாள். "போ" என்றேன். நம் வீடுகளில் யாரையும் அப்படி அனுப்புவதில்லை. போய்விட்டு வா என்றுதான் சொல்வோம். நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அவளும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

ஆறு வருடம். அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று மனைவிக்கும் சொல்லிவிட்டேன். அவள் மிதிக்கவில்லை. அடுப்படியில் நின்று மெதுவான குரலில் மகளோடு போனில் பேசுவாள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு காய்கறி விலைக்கு மாறிவிடும். மாதத்துக்கு ஒருமுறையாவது, சோறு போடும்போது, "அவளை ஒரு வார்த்த கூப்பிடுங்களேன்" என்பாள். நான் ரசம் கேட்பேன்.

சென்ற வருடம் எங்கள் சங்கத்துக்காரர்கள் மண்டபத்துக்குக் கூரை மாற்றப் பணம் சேர்க்க அந்த நாடகத்தை மறுபடியும் போடலாம் என்றார்கள். சனிக்கிழமை ஒரு ஆட்டம், ஞாயிறு ஒரு ஆட்டம், இரண்டும் மாலை ஐந்து மணிக்கு. நடத்துவதற்கு ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை வந்தார். எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம்.

"ராணிக்கு நான்தான்" என்றேன்.

"ஐயா, இப்ப பொண்ணுங்க நடிக்க நிறைய பேர் இருக்காங்களே."

"இருக்கட்டும். இந்த ராணிக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

மேடையும் நாற்காலியும் என்னுடையவை, அதுவும் இலவசம். டீச்சர் என் பெயரை எழுதிக்கொண்டார். ராஜா வேடத்துக்குத்தான் ஆள் நிற்கவில்லை. கம்பீரமான வேடம் என்று ஆசையாக வந்தவர்கள், மூன்றாவது காட்சியைப் படித்ததும் கழன்றுகொண்டார்கள். சங்கத்துப் பொருளாளர் வெளிப்படையாகவே சொன்னார்.

"அண்ணே, ஏங்கி ஏங்கி அழற வேசம் எனக்கு வேணாம் லா. என் பேரன் போன்ல புடிச்சுப் போட்டான்னா வேல செய்ற எடத்துல ஒருத்தன் மதிக்க மாட்டான்."

"நான் சேலையே கட்டுறேன், உனக்கு அழறதுக்கு வெக்கமா?"

"சேல கட்டுனாலும் நீங்க அதட்டுறீங்கண்ணே. எனக்கு வேட்டி கட்டிவிட்டு அழச் சொல்றீங்க. அதுதான் கஷ்டம்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான்.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "ராணி ஆம்பளன்னா ராஜாவுக்கு ஒரு பொம்பளையப் போட்டுட வேண்டியதுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒத்திகைக்கு வழக்கம்போல் பிளாஸ்க்கில் சூடாகத் தே கலந்து கொண்டுவந்திருந்த என் மனைவி, கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நான் நிக்கிறேன் டீச்சர். எனக்கு வசனம் பூராத் தெரியும். இவரு வீட்ல கத்திக் கத்தியே பாடமாயிருச்சு."

சிரிப்பு இன்னும் கூடியது. அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது காட்சியை அங்கேயே, தே ஊற்றிய கையோடு, ஒரு வரி விடாமல் சொன்னாள். பொருளாளர் மெதுவாக எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார்.

எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. என் வீட்டில் இருந்து இரண்டு பேர் என்று ஊரெல்லாம் சொன்னேன். ஏன் அந்த வேடத்தைக் கேட்டாள் என்று யோசிக்கவில்லை. ஆசைப்படுகிறாள் பாவம் என்று நினைத்தேன்.

ஒத்திகையில் எங்களால் பட்ட கஷ்டம் டீச்சருக்குத்தான் தெரியும். ராஜா ராணியை நீ என்றுதான் கூப்பிட வேண்டும். நாற்பத்தைந்து வருடமாக நீங்கள் என்றே பழகியவளுக்கு நாக்குப் புரளவில்லை. "தேவி, உன் நெஞ்சு கல்லா" என்று ஆரம்பித்து, "சொல்லுங்க" என்று முடிப்பாள். ஒருநாள் நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டே, தொண்டை காய்ந்ததால் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அழுது புலம்பிக்கொண்டிருந்த ராஜா அழுகையை அப்படியே நிறுத்தி, மேடையை விட்டு இறங்கிப் போய், தே ஊற்றி, ஆற்றி, ராணி கையில் கொடுத்துவிட்டு, திரும்ப வந்து அழ ஆரம்பித்தார். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயா, நான் எல்லாத்தையும் தலைகீழா மாத்தி வெச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் திருப்பித் திருப்பி வீட்டுக்கே போறீங்களே!"

விளையாட்டாகச் சொன்னதுதான். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. என் நாற்காலிகள் போதாமல் ஸ்டோரிலிருந்து இன்னும் நூறு கொண்டுவரச் சொன்னேன். நான் சேலையில் மேடை ஏறியதும் விசில் பறந்தது, தொந்தியைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. முதல் வசனம் பேசினேன். சிரிப்பு நின்றது. இந்த வயதிலும் அந்தக் குரல் அப்படியே இருந்தது.

மூன்றாவது காட்சி. மனைவிக்கு மூட்டு வலி என்பதால் ராஜா மண்டியிடும் இடத்தில் நின்றால் போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவள் நிற்கவில்லை. என் கால்மாட்டில் இறங்கி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, இரண்டு முட்டியும் பலகையில் பட மண்டியிட்டாள். முட்டி இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கிரீடத்தைக் கழற்றி என் பாதத்தில் வைத்தாள்.

"பிள்ளையைக் கொடு. நாட்டை நீயே வைத்துக்கொள்."

நீ என்று ஒரு தடுக்கலும் இல்லாமல் சொன்னாள். இரண்டாவது முறையும் கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது கண்ணீர் ஒட்டு மீசையில் இறங்கி, மீசை ஒரு பக்கம் தொங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. நாடகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் சொன்னாள், சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நானும் என் வரியை விடவில்லை.

"சட்டம், பெற்ற வயிற்றைக் கேட்டு எழுதப்படவில்லை. கொண்டு போங்கள்."

மண்டபமே எழுந்து நின்று கைத்தட்டியது. ஐம்பது வருடத்துக்கு முன்னால்கூட அப்படித் தட்டியதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கீழே அவள் எழுந்திருக்க முடியாமல், காவலாளி வேடம் போட்ட பையனின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

ஆட்டம் முடிந்து உள்ளே போனபோது அவள் கண்ணாடி முன் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டு மீசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா என் வரி? பாத்தியா சனங்கள?"

"நல்லாச் சொன்னீங்க. அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க. சேல ஒண்ணுதான் கொறச்சல்."

நான் சவரி முடியைக் கழற்றினேன்.

"வீட்ல கெஞ்சுனேன், உங்களுக்குக் கேக்கல. மைக்கு வெச்சுக் கெஞ்சுனாலாவது கேக்குமான்னு பாத்தேன். ஊருக்கே கேட்டுச்சு. உங்களுக்குக் கைத்தட்டல்தான் கேட்டுச்சு." எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். "காலைல நான் மக வீட்டுக்குப் போறேன். கெஞ்சறதுக்கு இனிமே எங்கிட்ட வரி இல்ல."

"நாளைக்கு ஆட்டம்?"

"அது உங்க நாடகம்."

சொன்னபடி செய்தாள். ஞாயிறு காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாடகைக் காடி பிடித்துப் போய்விட்டாள். ராஜா உடுப்பு மடித்துக் கட்டிலில் இருந்தது. நான் பொருளாளருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அக்கா நின்ன எடத்துல இன்னிக்கு நான் போய் நின்னா செருப்பு பறக்கும் லா. நீங்க போய் அக்காவக் கூட்டிட்டு வாங்க."

மாலைக்குள் ராஜா வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அக்கரைக்குப் போகும் பாலத்தில் காடியை விட்டேன். நாடகம் நின்றால் மானம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டேன். பாதிப் பாலத்தில் அந்தப் பேச்சு எனக்கே சலித்துவிட்டது. நேற்று அத்தனை விளக்கு வெளிச்சத்தில் கண்ணில் பட்டது அப்போதுதான் மனதில் பட்டது. டீச்சர் பெண்ணை ஆணாக்கினார், ஆணைப் பெண்ணாக்கினார், உடுப்பை மாற்றினார், மீசையை இடம் மாற்றினார். எல்லாம் மாற்றிய பிறகு மேடையில் நின்றது எங்கள் வீடுதான். பெண்பிள்ளை கெஞ்சுகிறாள், ஆம்பளை மாட்டேன் என்கிறான். நாடகம் எழுதிய புண்ணியவான் இதை ஒரு அதிசயமாகக் காட்ட நினைத்து மாற்றி எழுதினார். நாங்கள் அதைத் திருப்பி மாற்றி, தினசரி நடப்பது போல ஆக்கிவிட்டோம்.

சிம்பாங் அம்பாட்டில் மகள் வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் வழி கேட்டேன். பினாங்கில் சந்து சந்தாகத் தெரிந்த எனக்குச் சொந்த மகள் வீட்டுக்கு வழி தெரியவில்லை. அவள் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள், காதோரத்தில் நரை. முப்பத்தேழு வயது. நான் பார்க்காமல் நரைத்திருந்தது.

"வாங்க" என்றாள். கிரில் கதவைத் திறக்கவில்லை. "அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"அஞ்சு மணிக்கு ஆட்டம் இருக்கு."

"அதுக்கா வந்தீங்க?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். எனக்கு உத்தரவு போடும் வரிகள்தான் தெரியும். ஒருவரிடம் போய் நின்று கேட்கிற வரி ஒன்றுகூடப் பாடமில்லை.

"உன்ன அன்னிக்குப் போன்னு சொன்னேன்ல. அது தப்பு."

குழாயை மூடினாள். "எதுப்பா தப்பு? போன்னு சொன்னதா, லோரியத் தம்பிக்குக் கொடுத்ததா?"

என்னைப் போலவே பேரம் பேசுகிறாள். அந்த நிலையிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

"ரெண்டும்."

"எப்பத் தெரிஞ்சிச்சு?"

"நேத்து. மேடையில."

"கைத்தட்டுனாங்களா?"

"தட்டுனாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க நல்லா நடிப்பீங்கப்பா. எனக்கு அதான் பயம். இது எதுல சேத்தின்னு எனக்குத் தெரியல."

"எனக்கு இந்த வேசம் தெரியாதும்மா. அதனாலதான் இப்படி உளர்றேன்."

கிரில் கதவைத் திறந்தாள். மீ கோரிங் ஒரு தட்டு கொடுத்தாள். மனைவி என் பக்கம் திரும்பாமலே மிளகாய்ச் சாந்தை நகர்த்தி வைத்தாள். தே எங்கே என்று கேட்கத் தோன்றியது. நானே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன், சீனி எந்த டப்பாவில் என்று தேடினேன், யாரும் உதவிக்கு வரவில்லை. கிளம்பும்போது மகள் சொன்னாள்.

"அம்மா வருவாங்க. நான் இப்ப வரல. கொஞ்சம் பொறுங்க, சபார் லா."

அன்று மாலை மறுபடியும் மூன்றாவது காட்சி. ராஜா இந்த முறை மண்டியிடவில்லை. நின்றுகொண்டே கேட்டார், குரலிலும் நேற்று இருந்த அழுகை இல்லை. நான் என் வரிக்கு வந்தேன். "சட்டம்" என்று தொடங்கி, "கொண்டு போங்கள்" என்ற இடத்தில் குரல் கீழே போய்விட்டது. பின் வரிசைக்குக் கேட்டிருக்காது. விசில் இல்லை. முடிந்த பிறகு டீச்சர், "நேத்து இன்னும் நல்லா இருந்துச்சு ஐயா" என்றார். உண்மைதான். நான் கை வைத்து அரைகுறையாக முடிந்த வேலை வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

திங்கட்கிழமை கோலாலம்பூருக்குப் போன் போட்டு, தொழிலை அக்கா பெயருக்கு மாற்றப் போகிறேன் என்று மகனிடம் சொன்னேன். "அப்பாடா" என்றான். ஆறு வருடப் பாரத்தை இறக்கிய மாதிரி இருந்தது அவன் குரல். அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய காகிதங்களைச் சாவிகளோடு ஒரு உறையில் வைத்து, மகளுக்கு அனுப்பிவிட்டேன். எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று என் மனைவிக்குத் தெரியும். சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு வாரம் அவளும் எதுவும் கேட்கவில்லை, நானும் ரசம் கேட்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை ஸ்டோரில் ஒரு கல்யாண வேலைக்குச் கனோப்பிப் பைப்புகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மகள் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே வந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கையுறையை மாட்டிக்கொண்டு லோரியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"யாரு இந்தப் பைப்ப இப்படிக் குறுக்க அடுக்குனது? பாலத்துல காத்தடிச்சா ரோட்டுலதான் கெடக்கும்."

மண்டோரும் ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுக்கச் சொன்னவன் நான்தான்.

"எறக்குங்க எல்லாத்தையும்" என்றாள்.

நான் போய் முதல் பைப்பின் ஒரு முனையைப் பிடித்தேன்.